வேர்க்குழாயில் ஒளி செய்யும் வேலை

"ரூட் கெனால் செய்து உறையும் போட்டாகிவிட்டது. பிறகும் ஏன் ஈறு வீங்குகிறது?" பல் மருத்துவரிடம் பலரும் வேதனையோடு கேட்கும் கேள்வி இது.

பல்லின் வேரில் இருப்பது நேரான ஒரே குழாய் அன்று. கிளைகள் உண்டு, சுவரெங்கும் நுண்துளைகளும் உண்டு. சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவினாலும், மூலைமுடுக்குகளில் கிருமிகள் பசைபோன்ற படலம் அமைத்துத் தங்கிவிடலாம். மாத்திரை போதாதா? மாத்திரை இரத்தத்தின் வழியே செல்வது. செத்துப்போன பற்கூழுக்குள் இரத்த ஓட்டம் ஏது?

இங்கேதான் ஒளி உதவிக்கு வருகிறது. மெத்திலீன் நீலம் போன்ற சாயத்தை வேர்க்குழாயில் நிரப்பிச் சில நிமிடம் விடுவார்கள். அது கிருமிகளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மெல்லிய இழை வழியே சிவப்பு ஒளி பாய்ச்சப்படும். ஒளியை உறிஞ்சிய சாயம் அருகிலுள்ள ஆக்சிஜனை வீரியமாக்க, அது கிருமியின் சவ்வைச் சிதைக்கிறது. சுட்டுக் கொல்லும் முறையன்று இது.

1900ஆம் ஆண்டிலேயே மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயமும் வெளிச்சமும் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் மடிவதை அறிவித்தார். 2000களில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல்வேர்க் கிருமிகள்மீது இம்முறையைச் சோதித்தனர்.

ஆனாலும் இது துணைச் சிகிச்சையே. சுத்தம் செய்வதற்கும் கழுவுவதற்கும் மாற்றாகாது. ஒளியும் ஆக்சிஜனும் எட்டாத இடத்தில் பலன் குறையும்; சாயத்தை நன்றாகக் கழுவாவிட்டால் பல்லில் கறை படியும்.

எனவே, வலி நின்றதும் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். வலி போய்விட்டால் கிருமியும் போய்விட்டது என்று பொருளல்ல. பல்லைக் காப்பாற்றுவது, முடிக்கப்பட்ட சிகிச்சையே.