ஆறுமணிக் குருவியும் பாறை ஓணானும்

(தியாகதுருகம் பகுதி ஆசிரியர் கூட்டம் ஒன்றில் அறிவியல் ஆசிரியர் ஆற்றிய உரை)



போன ஐப்பசியில் ஒரு காலை, எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் ஆறுமணிக் குருவி ஒன்று களைத்து ஒடுங்கிக் கிடந்தது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் காட்டுப் பறவை அது. பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு. பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் நிழல் செய்து, சத்தம் போடாமல் காவல் இருந்தார்கள். மாலையில் பறந்துபோனது.

அதே பிள்ளைகள் சித்திரையில், பாறைமேல் சிவப்பும் கறுப்புமாக வெயில் காய்ந்த ஓணானைக் கல்லால் அடித்தார்கள். கேட்டால், "அது தூரத்துலேர்ந்தே ரத்தம் உறிஞ்சும் சார்" என்றான் ஒருவன். அழகில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஆனால் ஒன்றுக்குப் பெட்டி, இன்னொன்றுக்குக் கல். திட்டவில்லை, இரண்டையும் ஒப்பிடச் சொன்னேன்.

"குருவி நிறம் மாறாது, ஓணான் மாறும்" என்றார்கள். ஏன்? இறகு வளர்ந்து முடிந்தால் நம் நகம் மாதிரி உயிரற்ற பொருள். அது உதிர்ந்து புதிது முளைக்கும்வரை அதே நிறம்தான். அதிலும் அந்த நீலம் சாயமே அல்ல. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறித் தெரிவது. மயிலிறகின் மினுமினுப்பும் ஒளியின் வேலைதான். அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பழுப்பாகத் தெரியும். செலவில்லாத சோதனை.

ஓணானின் நிறமோ தோலிலுள்ள உயிருள்ள செல்களில் இருக்கிறது. பாறை ஓணான்களைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் ஆராய்ந்திருக்கிறார்கள். பெண்ணைக் கண்டால் ஆணின் முதுகு சிவப்பு, பக்கவாட்டில் கறுப்பு. எதிரி ஆண் வந்தால் முதுகு மஞ்சள், பக்கம் ஆரஞ்சு. எல்லாம் சில நொடிகளில். ஒளிந்துகொள்ளத்தான் ஓணான் நிறம் மாறுகிறது என்று நானே பல ஆண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். இது ஒளிவதற்கு நேர்மாறு; ஒருவகைப் பேச்சு. கரட்டோணானின் தொண்டை சிவப்பதும் இனப்பெருக்கக் காலத்து அடையாளமே, யாருடைய ரத்தமும் அல்ல.

ரத்தக் கதை சொன்னவனே கேட்டான்: "அப்போ நாங்க கல்லெடுத்தப்ப, அது அதோட பொண்ணுகிட்ட பேசிட்டிருந்துச்சா சார்?" வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

இப்போது அவன்தான் குறிப்பேடு வைத்திருக்கிறான். நேரம், முதுகின் நிறம், பக்கத்தில் இருந்தது யார் என்று மூன்று கட்டம் போட்டு எழுதுகிறார்கள். நீங்களும் அழைத்துப் போவதானால் காலையிலேயே போங்கள். பத்து மணிக்கு மேல் பாறையில் கால் வைக்க முடியாது.