எந்த நிலம் என்று சொல்லாத தீர்ப்பு

நெல்லிவாசல்நாட்டுப் பெரியவர்களும், திருப்பத்தூரிலிருந்து மலையேறி வந்திருக்கும் வழக்கறிஞர்களும், சட்ட ஆசிரியர்களும் சேர்ந்து அமர்ந்திருக்கும் அவை இது. இதற்குத் தலைமை தாங்க அழைத்தது எனக்குப் பெருமை. நெஞ்சில் கொஞ்சம் நடுக்கமும் உண்டு.

முன் தீர்ப்புத் தடை, அதாவது முடிந்த வழக்கை மறுபடி தொடுக்க முடியாது என்ற விதி, நம் கருத்தரங்கின் பொருள். 1908 உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதற்கு முந்தைய 1859 சட்டத்தின் 2ஆம் பிரிவிலேயே அதன் வித்து இருந்தது. இந்தத் தடை ஆங்கிலேயர் கப்பலில் வந்திறங்கிய சரக்கு என்று நண்பர் ஒருவர் தொடர்ந்து எழுதிவருகிறார். அவர் உழைப்பை மதிக்கிறேன். முடிவை ஏற்க மாட்டேன். 1916இல் ஷியோபர்சன் சிங் வழக்கில் பிரிவி கவுன்சிலே, தோற்றவன் மறுபடி வந்தால் ‘நீ முன்பே தோற்றவன்’ என்று எதிர்வாதம் செய்யும் உரிமை காத்தியாயனர் காலத்திலிருந்தே உண்டு என்று எடுத்துக்காட்டியது. மிதாட்சரம் அதைப் ‘பிராங்நியாயம்’ என்கிறது.

அரசுகளும் இந்தத் தடைக்குக் கட்டுப்பட்டவையே. முல்லைப் பெரியாறு அணை பற்றி 2006 பிப்ரவரியில் வந்த தீர்ப்பைக் கேரளம் அடுத்த மாதமே ஒரு சட்டத் திருத்தத்தால் தாண்டப் பார்த்தது. முன் தீர்ப்பு கேரளத்தைக் கட்டும் என்று 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது.

அப்படியானால் நில வழக்கு மட்டும் ஏன் முடிந்தும் முடியாமல் திரும்பி வருகிறது? வழக்காடிகளின் வன்மமே காரணம், செலவுத் தொகையைக் கடுமையாக்கினால் போதும் என்பார்கள். பல ஆண்டுகளாக இதை மறுத்து வருகிறேன், இன்றும் மறுக்கிறேன். வன்மம் உண்டு. ஆனால் அது நுழையும் வாசலைத் திறந்து வைப்பது தீர்ப்பாணையின் கடைசிப் பக்கம். சொத்து விவரம், அதாவது தபசில், அங்கேதான் இருக்கிறது.

நாம் எல்லோரும் 11ஆம் பிரிவைப் படிக்கிறோம். அதே சட்டத்தின் கட்டளை 20 விதி 9ஐ யாரும் புரட்டுவதில்லை. நிலத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் தீர்ப்பாணையில் இருக்க வேண்டும், எல்லைகளையோ சர்வே எண்களையோ குறிக்க வேண்டும் என்கிறது அது. அந்த ‘ஓ’வில்தான் என் சண்டை. எண் மட்டும் இருந்தால், உட்பிரிவு செய்து எண் மாறியதும் பிரதிவாதி ‘அது வேறு நிலம்’ என்கிறார். எல்லை மட்டும் இருந்தால், மேற்கே ஓடை, கிழக்கே இன்னார் சாமைக்கொல்லை, வடக்கே புளியமரம். ஓடை திசை மாறும், கொல்லை கைமாறும், மரம் பட்டுப்போகும். எண்ணுக்கும் எல்லைக்கும் முரண் வந்தால் எல்லையே மேலோங்கும் என்ற விதி இருக்கிறதே என்று மூத்த சகா ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார். இல்லாமல் போன எல்லை எதற்கு மேலோங்கும் என்பதே அவருக்கு என் கேள்வி.

இதோடு இன்னொரு குறையும் சேர்கிறது. நிலம் யாருடையது என்று அறிவிக்கும் உரிமை விளம்புகை கேட்காமல், இடையூறு செய்யாதே என்னும் வெறும் உறுத்துக் கட்டளைக்கு வழக்குப் போடுகிறோம். உரிமையின்மேல் நிழல் விழுந்திருந்தால் அது போதாது என்று அனதுலா சுதாகர் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அனுபோகம் மட்டும் முடிவாகி, உரிமை முடிவாகாதபோது அடுத்த வழக்கைத் தடுக்க 11ஆம் பிரிவால் எப்படி முடியும்?

தீர்ப்பு தெளிவாக இருக்க வேண்டும் என்பது புதுக் கோரிக்கை அல்ல. மாயூரம் முனிசீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையை நாவலாசிரியராகவே கொண்டாடுகிறோம். சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று அவர் தந்ததை நம் துறை மறந்தே போனது. தீர்ப்பு அதற்குக் கட்டுப்படுகிறவனுக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தவர் அவர்.

நான் கேட்பது இதுதான். கட்டளை 26 விதி 9இன்படி ஆணையர் சர்வேயரோடு நிலத்தில் நடந்து, வரைபடம் எழுதட்டும். பழைய எண், புதிய எண், நான்கெல்லை, ஊரார் அந்தக் கொல்லைக்கு வைத்த பெயர் எல்லாம் தமிழில் தபசிலில் ஏறட்டும். வரைபடம் தீர்ப்பாணையின் பகுதியாகட்டும். இது நீதிமன்றத்தின் நேரத்தை விழுங்கும் என்று கட்டுரை எழுதி வந்திருக்கும் நண்பர் முன்வரிசையில் இருக்கிறார். முதலில் அவரையே பேச அழைக்கிறேன்.