பந்தியே உரைகல்

(பாளையங்கோட்டையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் நினைவாக அமைந்தது இந்த அறக்கட்டளை. விடுதிக் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகளைத் தம் வீட்டுத் திண்ணையில் தங்கவைத்துச் சோறு போட்டவர் அவர் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அதனால் விடுதியைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

1. ஆக்ஸ்போர்டு என்னும் பட்டம்

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். இங்குள்ள பள்ளிகளையும் கல்லூரிகளையும் எண்ணிப் பார்த்து வைத்த பெயர் அது. சாராள் தக்கர் கல்லூரி 1895-லும் தூய சவேரியார் கல்லூரி 1923-லும் தொடங்கின. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ம.தி.தா. இந்துக் கல்லூரி இவ்விரண்டுக்கும் மூத்தது.

ஆனால் ஆக்ஸ்போர்டுக்குப் பெயர் வந்தது எண்ணிக்கையால் அல்ல. அங்கே தேர்வு வைப்பதும் பட்டம் கொடுப்பதும் பல்கலைக்கழகம். பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதும், அறை கொடுப்பதும், சோறு போடுவதும், ஆசிரியரை எதிரே உட்காரவைத்து அவன் எழுதிய கட்டுரையை அலசுவதும் கல்லூரி. மெர்ட்டன் கல்லூரிக்கு 1264-லேயே விதிமுறைகள் எழுதிவிட்டார்கள். எந்தக் கல்லூரி என்று அங்கே கேட்டால், எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்பதாகப் பொருள்.

1857-ல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகம் இந்த வழியில் வரவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் சாயலில், கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்தும் அமைப்பாக அது வந்தது. நம் கல்லூரிகள் அதன் கீழும், பிறகு மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழும் இருந்தன. 1990-ல்தான் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நமக்கென்று வந்தது. உறைவிட முறைக்குத் தமிழகத்தில் நெருங்கி வந்தவை என்று இரண்டைச் சொல்வேன். ஒன்று, 1929-ல் சிதம்பரத்தில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம். மற்றது, 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி. சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று அங்கே விடுதிகளுக்கே தனித்தனி மரபு உண்டு.

2. சேரன்மகாதேவியில் இரண்டு இலைகள்

நம் ஆற்றங்கரையிலும் ஓர் உறைவிடக் கல்வி முயற்சி நடந்தது. லண்டனில் சட்டம் படித்த வ.வே.சு. ஐயர், 1920-களின் தொடக்கத்தில் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கிப் பின் சேரன்மகாதேவிக்குக் கொண்டுவந்தார். தாய்மொழியில் கல்வி, கூடவே உடலுழைப்பு, தேசப்பற்று என்பது திட்டம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது. பல சாதிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள்.

அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு, பெற்றோர் கேட்டுக்கொண்டபடி, தனியே இலை போடப்பட்டது. செய்தி வெளியே வந்ததும் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் எப்படித் தனிப்பந்தி என்று கேட்டார்கள். விவகாரம் காந்தி வரை போனது. 1925-ல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூன் மாதமே, பாபநாசம் மலையில் கல்யாண தீர்த்தத்தில் விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்து உயிரை விட்டார். நவம்பரில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை ஏற்காத காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். குருகுலத்தில் விழுந்த விரிசல் அங்கே முழுதாகப் பிளந்தது.

ஐயர் சின்ன மனிதர் அல்லர். தம்மளவில் சாதி பார்க்காதவர் என்று அவரோடு பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் பாடம். நடத்துபவர் நல்லவராக இருப்பது போதவில்லை. நிறுவனம் இரண்டு இலைக்கு விட்டுக்கொடுத்தது. மற்ற பாடங்களெல்லாம் அந்த இடத்தில் அடிபட்டுப்போயின.

இங்கிலாந்தில் மட்டும் சமபந்தி நடந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. 1661-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்த நியூட்டன், மற்ற மாணவர்களுக்குப் பணிவிடை செய்து படிக்கும் ஏழை மாணவர் பிரிவில்தான் சேர்ந்தார். ஆக்ஸ்போர்டில் பெண்கள் பட்டம் பெற 1920 வரை காத்திருந்தார்கள்.

3. பெயர் வெட்டிய தட்டு

நான் இவ்வூர் விடுதி ஒன்றில் படித்தவன். தகரப்பெட்டி, பாய், பெயர் வெட்டிய தட்டு, டம்ளர் இவற்றோடு வந்து இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி மூட்டையோடு ஆற்றுக்குப் போவோம். மாதக் கடைசியில் மெஸ் பில் பலகையைப் பார்த்து வயிறு கலங்கும். இதெல்லாம் இனிய நினைவு. இன்னொன்றும் நினைவிருக்கிறது. ஒரே பஸ்ஸில் ஊரிலிருந்து வருகிறவர்கள் ஒரே மேசையில் உட்காருவோம். பஸ் ஊர்களை எடுத்துக்கொண்டு வந்தது. ஊர் தெருவை எடுத்துக்கொண்டு வந்தது. யாரும் யாரையும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. சொல்லாமலே நடந்தது.

இரண்டாம் ஆண்டில் புது வார்டன் வந்தார். பெயர் வெட்டிய தட்டுகளைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லிவிட்டுப் பொதுத் தட்டுகள் வாங்கிப் போட்டார். அறை எண்ணை வைத்து மேசை ஒதுக்கினார். முதல் வாரம் பலர் வெளியே கிளப்புக் கடையில் சாப்பிட்டார்கள். கையில் காசு தீர்ந்ததும் திரும்பி வந்தார்கள். பொங்கல் லீவுக்குள் எங்களுக்குள் மிஞ்சிய சண்டை, அப்பளம் யாருக்கு இரண்டு என்பது மட்டும்தான். அவர் சமத்துவம் பற்றி ஒரு நாளும் பிரசங்கம் செய்ததில்லை.

4. இன்று

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை, கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதி வரை அது பேசியது. 2025-ல் அரசு நலத்துறை விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். வரவேற்கிறேன். சமூகவாரி விடுதிகளைக் குறை சொல்லவும் மாட்டேன். அவை இல்லையென்றால் முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலர் டவுனில் கால் வைத்திருக்கவே முடியாது. ஆனால் பெயர்ப்பலகை மாறிய பிறகும் உள்ளே யாரோடு யார் சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

கல்லூரி நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஆய்வுக்கு வருகிறவர்களிடம் கட்டடத்தைக் காட்டுகிறீர்கள், நூலகத்தைக் காட்டுகிறீர்கள். மதியம் ஒரு மணிக்கு மெஸ்ஸையும் காட்டுங்கள். அந்த நேரத்தில் காட்டத் தயங்கினால், ஆக்ஸ்போர்டு என்ற பேச்சை நிறுத்திக்கொள்வோம்.

பின்வரிசையை நிறைத்திருக்கும் விடுதி மாணவர்களே, நாளைக் காலை இட்லிக்கு மணி அடித்ததும் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காராதீர்கள். பெயர் தெரியாத ஒருவன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.