எளிய எழுத்தில் இல்லக் கணக்கு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

மட்டாஞ்சேரியில் நின்று கணக்கைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். மிளகும் சுக்கும் ஏலமும் நிறுத்து விலை பேசிய ஊர் இது. 1957-ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் இங்கே யூதத் தெருவில்தான் மிளகின் முன்பேர வணிகத்தை நடத்தியது. குஜராத்தியரும் கொங்கணியரும் தமிழரும் பேரேடு எழுதி வாழ்ந்த தெருக்கள் இவை. ஆயினும், கடைக் கணக்கைக் காசு பிசகாமல் எழுதும் நம்மிற் பலர் வீட்டுக் கணக்கை எழுதுவதில்லை. ஊருக்கு அனுப்பும் பணம், வீட்டுக் கடன், சிட்டி, நகை ஆகிய நான்கும் குடும்பத் தலைவரின் நினைவிலேயே நிற்கின்றன. அவர் திடீரென நோயுற்றால், எங்கே எவ்வளவு இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அறியாமல் மனைவி மக்கள் திகைக்கின்றனர்.

கைப்பேசியில் அதற்குச் செயலிகள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் மைக்ரோசாப்ட் மணி என்னும் மென்பொருளின் விற்பனை 2009-இல் நின்றது. அமெரிக்காவில் பெயர்பெற்ற மிண்ட் 2024-இல் மூடப்பட்டது. பிறர் கடையில் வைத்த ஏட்டை, கடை மூடும் நாளில் தூக்கிக்கொண்டு வேறிடம் தேட வேண்டியதுதான்.

இதற்கு மாற்றாக, 2003-இல் ஜான் வீக்லி என்பார் லெட்ஜர் என்னும் மென்பொருளை ஆக்கினார். 2007-இல் சைமன் மைக்கேல் அவ்வழியில் ஹெச்லெட்ஜரைத் தொடங்கினார். இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. இவற்றின் நுட்பம் மிக எளியது: கணக்கை நாமே வெறும் எழுத்தாக ஒரு கோப்பில் எழுதுகிறோம், மென்பொருள் அதைப் படித்துக் கூட்டிச் சொல்கிறது, அவ்வளவே. மென்பொருள் மறைந்தாலும் எழுத்து மறையாது.

2025-04-14 மளிகைக் கடை
  செலவு:மளிகை      ₹1850
  உடைமை:வங்கி     ₹-1850

பணம் எங்கிருந்து சென்றது, எதற்குச் சென்றது என்ற இரண்டையும் எழுத வேண்டும். கூட்டினால் சுழியம் வர வேண்டும். 1494-இல் லூக்கா பச்சோலி வெனிஸ் நகரில் அச்சிட்ட நூலில் விளக்கிய இரட்டைப் பதிவு முறையே இது. மலையாளக் கரையின் மிளகை வாங்கி விற்றுச் செழித்த நகரம் அது என்பதை நாம் மறக்கலாகாது. உடைமை, கடன், வரவு, செலவு, முதல் எனத் தலைப்புகள் ஐந்தே. நம் செட்டிமார் ஆண்டு முடிவுக் கணக்கை ஐந்தொகை என்றனர்; பெயர்ப் பொருத்தம் நன்றாகவே அமைந்திருக்கிறது! கருந்திரையில் ‘பேலன்ஸ்’ என ஆணையிட்டால் ஒவ்வொரு தலைப்பின் நிலுவையும் வரும். ‘ரெஜிஸ்டர்’ என்றால் நாள்வழி வரும். ரூபாயைப் போலவே தங்கத்தைப் பவுன் கணக்கிலும் எழுதி வைக்கலாம்.

இம்முறையின் பெரும்பயன் சிட்டியில் விளங்கும். கேரள அரசின் கே.எஸ்.எஃப்.இ. நிறுவனம் 1969 முதல் நடத்துவதும், நாம் ஏலச்சீட்டு என்பதும் இதுவே. மாதம் 5,000 வீதம் 40 மாதம், தொகை 2,00,000 எனக் கொள்வோம். மாதந்தோறும் வரும் ஆதாயப் பங்கை இங்கே விட்டுவிடுவோம். 20 தவணை கட்டியபின் 30,000 தள்ளி ஏலம் எடுக்கிறோம்.

  உடைமை:வங்கி     ₹170000
  செலவு:சிட்டித் தள்ளு     ₹30000
  உடைமை:சிட்டி     ₹-100000
  கடன்:சிட்டி     ₹-100000

கைக்கு வந்த 1,70,000-ஐ வரவென்று எண்ணி மகிழ்வோர் பலர். ஏடு உண்மையைச் சொல்கிறது: இதில் ஒரு லட்சம் நாம் முன்பே சேர்த்தது, மற்றதற்காக இன்னும் 20 தவணைக் கடன் நிற்கிறது. வரவென்னும் தலைப்பில் ஒரு காசும் ஏறவில்லை.

குறையும் கூறுதல் வேண்டும். எழுத மறந்த செலவை மென்பொருள் அறியாது. மளிகையை மருத்துவம் என்று எழுதினாலும் கூட்டுத்தொகை சுழியமே. ஆகவே மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கோடு ஒப்பிடுதல் இன்றியமையாதது. இன்ன நாளில் இருப்பு இவ்வளவு என்று கோப்பிலேயே எழுதிவைத்தால், பொருந்தாதபோது ஹெச்லெட்ஜர் பிழையென்று தடுத்து நிறுத்தும். கோப்பு எவரும் படிக்கத்தக்கதாகையால் அதைப் பூட்டிக் காக்கவும் வேண்டும். படி ஒன்று வேறிடத்தில் இருக்கவும் வேண்டும்.

அன்பர்களே, வரும் மாதம் முதல் தேதி தொடங்குவோம். நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். கணவன் எழுதுவதை மனைவியும், தாய் எழுதுவதைப் பிள்ளைகளும் படித்தறியட்டும். பொருள் தேடிப் பிற ஊர் வந்த நாம், தேடிய பொருள் எங்கே இருக்கிறது என்பதை நம் வீட்டாருக்குத் தெளிவாகச் சொல்லி வைத்தல் கடமையன்றோ?