மேசையும் ஒப்பளிப்பும்

ஆங்கிலத்தில் 'டேபிள்' என்றொரு சொல். 'சாங்ஷன்' என்று மற்றொரு சொல். இவற்றுள் முன்னது பலகையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும், பின்னது புனிதமாக்கி நிலைநிறுத்துதலைக் குறிக்கும் இலத்தீன் வினையினின்றும் பிறந்தன. ஒன்றற்கொன்று உறவில்லை. ஆயினும் மொழிபெயர்ப்பாளரை இரண்டும் ஒரே வகையில் ஏமாற்றும். ஒவ்வொன்றும் தனக்கு நேர்மாறான பொருளையும் உடன் சுமந்து திரிகிறது.

'சாங்ஷன்' நம் அலுவலகங்களின் செல்லப்பிள்ளை. விடுமுறை, கடன், ஓய்வூதியம் யாவும் அதற்கே காத்திருக்கும். ஐதராபாத்தில் தெலுங்கர் இதனை 'மஞ்சூரு' என்பர். அது அரபுமொழியில் 'பார்க்கப்பட்டது' எனப் பொருள்படும் சொல். அதிகாரியின் பார்வை பட்டதே பெரும்பேறு என்று நாம் வேடிக்கையாக விளக்கம் கூறிக்கொள்வதுண்டு. தமிழ் ஆட்சிச்சொல் 'ஒப்பளிப்பு'. ஆனால் 1966ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றம் தெற்கு ரொடீசியாவின் மீது விதித்ததும் 'சாங்ஷன்'தான்! அங்கே அது தண்டனை, பொருளாதாரத் தடை. தெலுங்கர் அதற்கு 'ஆங்க்ஷலு' என வேறு சொல் வைத்துத் தப்பித்துக்கொண்டனர்.

இனி மேசை. நம் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்தால், அஃது அவையின் முன் வைக்கப்படுகிறது. அமெரிக்க ஆட்சிமன்றத்தில் ஒரு திருத்தத்தை 'டேபிள்' செய்தால், அதன் கதை முடிந்தது. 1941 டிசம்பரில் வாஷிங்டனில் கூடிய பிரிட்டிஷ், அமெரிக்கப் படைத்துறையினர் இச்சொல்லால் நெடுநேரம் கசப்புடன் வாதிட்டனர் என்று சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். உடனே பேசவேண்டும் என்றனர் ஒருசாரார். ஒத்திப்போடச் சொல்கிறார்கள் என்று கொண்டனர் மற்றவர். உண்மையில் இருவர் கருத்தும் ஒன்றே.

நாமும் பணியேற்ற புதிதில், அமெரிக்கச் செய்தியொன்றில் ஒதுக்கப்பட்ட திருத்தத்தை 'அவையின் முன் வைக்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தோம். மூத்தவர் ஒருவர் சிவப்பு மையால் அடித்தார். செய்தியாதலால் பிழைத்தோம். சட்டமாயின்? 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின் கீழ் அரசிதழில் வெளியாகும் மத்தியச் சட்டத்தின் தமிழாக்கம், தமிழில் அதிகாரபூர்வமான வாசகமாகவே கொள்ளப்படும். அரசு ஊழியர்மீது வழக்கை ஏற்க முன்கூட்டியே வேண்டப்படும் 'சாங்ஷன்' அனுமதியே. அதனைத் தடை என்று எழுதிவிட்டால் குற்றவாளி யார், காப்பாளர் யார் என்பதே புரண்டுவிடும்.

இப்போதெல்லாம் ஒரு வரைவில் 'டேபிள்' என்று கண்டால், அகராதியைத் திறப்பதற்கு முன் அது டில்லியிலிருந்து வந்ததா, வாஷிங்டனிலிருந்து வந்ததா என்று தாளின் தலைப்பைப் பார்க்கிறோம்.