தேதி இல்லாத பேப்பர் கட்டிங்

(குத்தாலத்தில் வாசகர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



குத்தாலத்துக்காரங்க எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். தென்காசிப் பக்கம் அருவியில் தண்ணீர் பெருகினா, வெளியூர்ச் சொந்தக்காரங்க நமக்குப் போன் போட்டு, "உங்க ஊர்ல வெள்ளமாமே, குளிக்கத் தடையாமே"ன்னு விசாரிப்பாங்க. அது குற்றாலம், இது குத்தாலம். அருவி அங்கே, காவிரி இங்கே. சிரிச்சுட்டு போனை வெச்சிடுறோம். ஆனா செய்தியில் ஊரும் தேதியும் மாறிப்போனா எப்பவும் சிரிச்சுட்டுப் போக முடியாது.

சில வருஷத்துக்கு முன்னாடி எங்க பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பேப்பர் கட்டிங் வந்தது. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கால அவகாசம் நீட்டிப்புன்னு தலைப்பு. அச்சு எழுத்து, பத்தி எல்லாம் பழகின பேப்பர் மாதிரியே. "பேப்பர்லயே போட்டுட்டாங்களே"ன்னு நம்பி, அடங்கல் வாங்க அவர் அவசரப்படலை. நிதானமா எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனா, பதிவு முடிஞ்சு இரண்டு நாளாச்சு. கட்டிங் பொய்யில்லை. முந்தின வருஷத்து நீட்டிப்புச் செய்தி அது. மேல் ஓரத்தில் தேதி இருந்த வரியை மட்டும் யாரோ வெட்டியிருக்காங்க. கெட்ட எண்ணம்கூட இருந்திருக்காது; திரைக்குள்ள அடங்கணும்னு வெட்டியிருப்பாங்க. அந்த மார்கழி மழையில் வயல் மூழ்கிடுச்சு. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டிய பங்கு, காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 1.5 சதவீதம்தான். அதைக் கட்டாமல் விட்டதுக்கு அந்தப் போகம் முழுக்கப் போச்சு.

செய்தித்தாள் பிறந்ததே ஊரையும் தேதியையும் தலையில் சுமந்துகிட்டுத்தான். 1605இல் ஸ்டிராஸ்பர்க் நகரத்தில் யோகான் கரோலுஸ் தொடங்கியதைத்தான் உலகின் முதல் செய்தித்தாள்னு சொல்றாங்க. அதில் தலைப்புன்னு எதுவும் கிடையாது. ரோமிலிருந்து இந்தத் தேதி, வெனிஸிலிருந்து இந்தத் தேதின்னு போட்டு, அதுக்குக் கீழே செய்தி. கடிதம் வந்து சேரவே பல நாள் ஆகும் காலம். எவ்வளவு பழைய சேதின்னு வாசிக்கிறவர் தானே கணக்குப் போட்டுக்கணும்.

தமிழில் இந்தத் தொழில் வேர் பிடிச்சதில் நம்ம காவிரிக்கரைக்குப் பங்கு உண்டு. திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் 1878இல் நண்பர்களோடு சேர்ந்து 'தி இந்து'வைத் தொடங்கினார். முதல் இதழ் 80 பிரதிதான் (இன்னைக்கு நம்ம தெரு வாட்ஸ்அப் குரூப்பில்கூட அதைவிட அதிகம் பேர் இருப்பாங்க!). 1882இல் தமிழில் 'சுதேசமித்திரன்' வந்தது, பிறகு நாளிதழ் ஆச்சு. பாரதியார் 1904இல் உதவி ஆசிரியராச் சேர்ந்தது அங்கேதான்.

எழுதினதுக்காக 1908இல் ஐயர் கைதானார். அதே வருஷம் 'இந்தியா' வார இதழுக்குச் சட்டப்படி பொறுப்பாளராகப் பதிவாகியிருந்தவர் சிறைக்குப் போனார். பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். பேப்பரில் பெயர் போடுறதுக்கு அன்னைக்கு அந்த விலை இருந்தது. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரையும் அச்சிட்ட இடத்தையும் போட்டே ஆகணும்னு சொன்னது 1867ஆம் வருஷச் சட்டம். 2024 மார்ச் முதல் அதுக்குப் பதிலாப் புதுச் சட்டம் நடைமுறையில் இருக்கு. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வருமே, அதை நாம யாரும் படிக்கிறதில்லை. நானும் இதழியல் படிக்கப் போகும்வரை படிச்சதில்லை. தப்பு நடந்தா யாரைக் கேட்கணும்னு எழுதியிருக்கிற இடம் அது.

பேப்பர்லயும் தப்பு வரும். ஆனா மறுநாள் திருத்தம் போட ஓர் இடம் இருக்கு. பார்வர்டு ஆன படத்துக்குத் திருத்தம் வந்தாலும், அது முதல் படம் போன எல்லா வீட்டுக்கும் போய்ச் சேராது.

அதனால் கட்டிங் ஏதாவது வந்தா, பேப்பர் பெயரையும் தேதியையும் தேடுங்க. தேதி இல்லையா? அந்தப் பேப்பரின் இ-பேப்பரிலோ இணையதளத்திலோ தலைப்பை அடிச்சுப் பாருங்க. மழைக்காலத்தில் டிவி சேனல் முத்திரையோடு வரும் 'பள்ளிகளுக்கு விடுமுறை' கார்டும் இப்படித்தான். எந்த மாவட்டம், எந்த நாள்னு பார்த்துட்டு, மாவட்ட ஆட்சியரின் அதிகாரப்பூர்வ பக்கத்தில் ஒப்பிட்டுக்கோங்க. எங்க துறையின் செய்தி வெளியீட்டில் எண்ணும் நாளும் இருக்கும். அரசு அறிவிப்புன்னு சொல்லி வரும் கடிதத்தில் அது இல்லைன்னா சந்தேகப்படுங்க. தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் சமூக வலைதளங்களில் மறுப்புகளை வெளியிடுது, அங்கேயும் பார்க்கலாம்.

பயிர்க் காப்பீடு பற்றிக் கேட்க 14447 எண் இருக்கு. உழவன் செயலியும் இருக்கு. சங்கத்துக்கு நேரா ஒரு நடை போய்க் கேட்டாலும் சொல்லிடுவாங்க. பெரியப்பா இப்போ அதைத்தான் செய்றார். ஐப்பசி பிறந்ததும் சைக்கிளை எடுத்துடுவார். கட்டிங் வந்தா மட்டும் எனக்கு அனுப்பி, கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "இது எந்த வருஷத்துதுடா, பாரு."