பிக்கப் வண்டியில் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால்...

(ஆனையூரில் உழவர் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டியவர் வண்டியைப் பற்றிப் பேசுகிறாரே என்று நீங்கள் எண்ணலாம். விளைந்ததைச் சந்தையில் சேர்த்தால்தான் வேளாண்மை முழுமை பெறும். மல்லிகை வாடுமுன் மாட்டுத்தாவணி போக வேண்டும். காய்கறி பரவைக்குப் போக வேண்டும். இன்று அந்த வேலையைச் செய்வது பிக்கப் வண்டிதான்.

நெற்பயிர் மஞ்சளித்தால் உடனே யூரியாவை அள்ளி இறைக்கலாமா? கூடாது. அடி இலை முதலில் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். குருத்து வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். வண்டியிலும் இதே கதைதான். ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தவுடன் சக்கரத்துச் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். ஆனால் பழுது சேற்றிலோ, வயரிலோ, பேரிங்கிலோ இருக்கலாம்.

சென்சார் செய்யும் வேலை

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பல் வளையம் ஒன்று உண்டு. அதற்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சென்சார் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது அது ஒரு மின் குறிப்பை அனுப்பும். அதை வைத்து, எந்தச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கட்டுப்பாட்டுப் பெட்டி கணக்கிடும். பிரேக் பிடிக்கும்போது ஒரு சக்கரம் பூட்டிக்கொள்ளப் போனால் அதன் பிரேக்கை மட்டும் சற்றே தளர்த்திவிடும்.

ஒரு சென்சார் பழுதானாலும் பெட்டி இந்த வேலையை நிறுத்திவிட்டு விளக்கை எரிய விடும். சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் மழைச் சாலையில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். முன் சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாது. சுமையை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின் சக்கரம் எளிதில் பூட்டி, வண்டி பக்கவாட்டில் சுழலும். ஆகவே விளக்கின் வயரைப் பிடுங்கிவிடுவது பெருந்தவறு. ஏ.பி.எஸ். விளக்கோடு சிவப்புப் பிரேக் விளக்கும் எரிந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்னரே ஜாக்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது.

1. சேறு: வயலில் இறங்கி ஏறும் வண்டியில் வளையத்தின் பற்களுக்கிடையே களிமண் இறுகிவிடும். காந்தம் உள்ள சென்சாரின் முனையில் இரும்புத் தூளும் ஒட்டும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவுங்கள். பெட்ரோல், டீசல் வேண்டாம். பிரேக் லைனிங்கில் பட்டால் பிடிப்புப் போகும்.

2. வயர்: ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் வளைந்து நிமிரும் இடத்தில் வயர் உள்ளே அறுந்திருக்கும், மேலே தெரியாது. எலி கடித்திருக்கிறதா, கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. பல் வளையம்: வெடிப்பு, உடைந்த பல், துரு ஆகியவற்றைச் சக்கரத்தை முழுச்சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

4. பேரிங்: சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இடைவெளி மாறும். எத்தனை சென்சார் மாற்றினாலும் விளக்கு அணையாது. சில வண்டிகளில் பற்களுக்குப் பதில் பேரிங்கின் ஒரு பக்கத்திலேயே காந்த வளையம் இருக்கும். பேரிங் மாற்றிய பின் விளக்கு எரிந்தால், அது திருப்பிப் பொருத்தப்பட்டதா என்று கேளுங்கள்.

விளக்கு எரியாமல், வண்டி நிற்கப் போகும் நேரத்தில் மட்டும் பிரேக் மிதி கடகடவென்று அதிர்ந்தால், துரு ஏறி இடைவெளி கூடியிருக்கலாம். குறைந்த வேகத்தில் குறிப்பு மங்கி, சக்கரம் பூட்டிவிட்டதாகப் பெட்டி தவறாக எண்ணிக்கொள்கிறது.

அளந்து பார்த்தல்

எந்தச் சக்கரம் என்று தெரியாவிட்டால் மெக்கானிக்கிடம் உள்ள ஸ்கேனர் சொல்லும். பழுது எண்ணை மட்டும் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது. வண்டியை நேர்ச்சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் செய்து நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட வேண்டும். மூன்று 20 என்று காட்ட, ஒன்று பூஜ்யம் காட்டினாலோ விட்டு விட்டுக் காட்டினாலோ பழுது அங்கேதான். அளவு வேறான டயர் போட்டிருந்தாலும் வித்தியாசம் வரும். காற்றையும் டயர் அளவையும் முதலில் சரிபாருங்கள்.

சென்சார்களில் இரு வகை உண்டு. காந்தமும் சுருளும் கொண்ட பழைய வகையை மல்டிமீட்டரால் அளக்கலாம். கனெக்டரைக் கழற்றி ஓம் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் ஆயிரம் ஓம் அல்லது அதை ஒட்டி வரும். மறுபக்கச் சக்கரத்தின் அளவோடு ஒப்பிடுவதே நல்லது. முடிவில்லா அளவு காட்டினால் உள்ளே அறுந்துள்ளது. பூஜ்யம் காட்டினால் உள்ளே ஒட்டிக்கொண்டுள்ளது. மாறுமின்சார அளவுக்கு மாற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சிறிது வோல்ட் காட்ட வேண்டும். வேகம் கூடினால் அதுவும் கூட வேண்டும்.

புதிய வகை, பெட்டியிலிருந்து மின்சாரம் பெற்று வேலை செய்வது. இதை ஓம் அளவில் சோதிக்கக் கூடாது, கெட்டுவிடலாம். சாவியைப் போட்டு, கனெக்டரின் வண்டிப் பக்கம் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் குற்றம் சென்சாரில் இல்லை. வயரிலோ பெட்டியிலோ உள்ளது.

வளையம், வயர், பேரிங், மின்சாரம் எல்லாம் சரியாக இருந்தும் குறிப்பு வராவிட்டால் மட்டுமே சென்சாரை மாற்றுங்கள். துருவில் சிக்கியிருந்தால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். பொருத்தும் துளையைச் சுத்தம் செய்து, வயரைப் பழைய கிளிப்புகளிலேயே மாட்டுங்கள். பழுது எண்ணை அழித்து, சிறிது தூரம் ஓட்டி, விளக்கு அணைந்ததை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி ஒவ்வொரு நாளும் சாவியைப் போட்டவுடன் அந்த விளக்கைக் கவனியுங்கள். சில வினாடி எரிந்து அணைந்தால் நலம். எரியவே இல்லை என்றாலும் பழுதுதான். மண்ணைச் சோதித்து உரமிடுவதுபோல் வண்டியையும் சோதித்துப் பழுது பாருங்கள். வீண் செலவு குறையும், ஏற்றிய சரக்கும் ஓட்டுபவரும் பத்திரமாக வீடும் சந்தையும் சேரலாம்.